ஆற்றங்கரைக் கூடாரத்தில் பத்துப் பேருக்கு விறகடுப்புக் கோழிக்கறி

கோலாலம்பூரிலிருந்து உலு லங்காட், உலு யாம் பக்கம் கூடாரம் போடப் போகிறவர்கள் பாதிப் பேர் மேகியும் டின் சார்டினும் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. நாள் முழுக்க ஆற்றில் ஆடிவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்குச் சுடச்சுடச் சோறும், உருளைக்கிழங்கு போட்ட கோழிக்கறியும் விறகடுப்பிலேயே ஆக்கிப் போடலாம். அதற்குப் பெரிய கைப்பக்குவமெல்லாம் வேண்டாம், வேலையில் பாதியை வீட்டிலேயே முடித்துவிட்டு, அங்கே போனதும் தணலுக்காகக் காத்திருக்கப் பொறுமை இருந்தால் போதும்.

இடத்தைப் பதிவு செய்யும்போதே தீ மூட்டலாமா என்று கேட்டுவிடுங்கள். சில இடங்களில் கேஸ் அடுப்பு மட்டும்தான் அனுமதி.

வீட்டில் செய்ய வேண்டியது

பத்துப் பேருக்கு எலும்போடு 3 கிலோ கோழி, 1 கிலோ உருளைக்கிழங்கு, அரை கிலோ சின்ன வெங்காயம், 1.2 கிலோ அரிசி. கோழியைக் கழுவி, உப்பு மஞ்சள் தடவி, பையில் தட்டையாகப் பரப்பி முதல்நாள் இரவே உறையவைத்துவிடுங்கள். பையை இரட்டையாகப் போடுங்கள், கசிந்தால் பெட்டி முழுக்க நாறிவிடும். குடிக்கிற ஐஸ் இருக்கும் பெட்டியில் பச்சைக் கோழியை வைக்கவே கூடாது, அதற்குத் தனிப் பெட்டி. வெங்காயத்தை உரித்து நறுக்கி, இஞ்சி பூண்டை அரைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பாபாஸ் இறைச்சி மசாலா 100 கிராம், பட்டை, அன்னாசிப்பூ, ஏலக்காய், கறிவேப்பிலை, 200 மில்லி தேங்காய்ப்பால் பெட்டி இரண்டு. அரிசியை எந்த மக்கில் அளந்தீர்களோ அதே மக்கையும் எடுத்துப் போங்கள், தண்ணீருக்கு அதுதான் அளவு.

விறகையும் கொண்டுபோவதே நல்லது. நம் ஊர்க் காட்டில் கீழே கிடக்கிற கட்டை காய்ந்ததுபோலத்தான் தெரியும், உடைத்தால் உள்ளே ஈரம், புகைதான் வரும். கூடவே ஒரு மூட்டை பக்காவ் கரி, கோல செப்பெத்தாங் பக்கம் சதுப்புநில மரத்தில் சுடுகிறார்களே அந்தக் கரி, சீக்கிரம் சாம்பலாகாது. பற்றவைக்கக் காய்ந்த கொட்டாங்குச்சி.

அடுப்பு

ஆற்றை ஒட்டி அடுப்புப் போடாதீர்கள். மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே 'கெபாலா ஆயிர்' வந்துவிடும், திடீரென்று பாய்கிற அந்த வெள்ளம் யாருக்கும் நேரம் தராது. ஆற்றுக் கல்லையும் அடுப்புக்கு எடுக்காதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். ஏழெட்டுச் செங்கல் போதும். இரண்டு வரிசையாக, பானை உட்காரும் அகலத்துக்கு எதிரெதிரே அடுக்குங்கள். ஒரு முனையில் விறகு எரியட்டும், விழுகிற தணலை மறுமுனைக்குத் தள்ளிக்கொண்டே இருங்கள். தீ ஒரு பக்கம், தணல் ஒரு பக்கம்: சமையல் முழுக்க பானையை இந்த இரண்டுக்கும் நடுவில் நகர்த்துவதுதான்.

ஏழரைக்குச் சாப்பாடு என்றால் ஐந்து மணிக்கே பற்றவைத்துவிடுங்கள். நல்ல தணல் விழ முக்கால் மணி நேரம் ஆகும். பானை உட்காரும் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், இரண்டு மூன்று நொடிக்கு மேல் தாங்கவில்லை என்றால் சூடு அதிகம், ஐந்தாறு நொடி தாங்கினால் வதக்கச் சரியான சூடு. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் பால்மர விறகை எரித்து ஊருக்கே சோறாக்கிய பெரியவர்கள் சூடு மிஞ்சினால் விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் கறியில் விழும்.

கறி

பானையின் வெளிப்பக்கம் முழுக்கப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவிவிட்டு ஏற்றுங்கள், கரி பிடித்தாலும் கழுவும்போது உருண்டு வந்துவிடும். எண்ணெய் காய்ந்ததும் பட்டை வகைகள், வெங்காயம், கறிவேப்பிலை, பிறகு இஞ்சி பூண்டு. மசாலாவை மட்டும் அப்படியே கொட்டாதீர்கள். தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டு, பானையைத் தணல் பக்கம் நகர்த்திய பிறகு ஊற்றுங்கள். எரிகிற தீயில் மசாலா சில நொடியில் கருகிக் கசந்துவிடும், அதற்கப்புறம் என்ன போட்டாலும் சரியாகாது. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, பச்சை வாசம் போகிறவரை கிண்டுங்கள்.

இப்போது கோழி, உப்பு, கிழங்கு, மூழ்குமளவு தண்ணீர். இனிமேல் தீ கொஞ்சம் எரிந்தால் பரவாயில்லை. முப்பது நாற்பது நிமிடத்தில் கிழங்கு வெந்து, எலும்பை ஒட்டிய சதையில் சிவப்பு இல்லாமல் இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் கடைசியில், தணலில் வைத்து, தளதளவென்று கொதிக்க விடாமல்.

சோறு

கோழி பாதி வெந்ததும் அரிசியை ஏற்றுங்கள். ஒரு மக் அரிசிக்கு ஒன்றரை மக் தண்ணீர். தீயில் கொதித்து, தண்ணீர் வற்றி மேலே குழிகுழியாகத் தெரிந்ததும் தணலுக்கு நகர்த்தி, மூடியின்மேல் கொஞ்சம் தணலை அள்ளிப் போடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பானையைக் கால்வட்டம் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் அடிபிடிக்கும். கால் மணி நேரத்தில் இறக்கி, இன்னும் பத்து நிமிடம் திறக்காமல் விடுங்கள். எல்லாரும் மூடியைத் தூக்கிப் பார்க்க வருவார்கள், விடாதீர்கள்.

சாப்பிட்டு மிஞ்சியதை மூடிக் காருக்குள் வைத்துவிடுங்கள், விடிந்தால் குரங்குகள் வரும். தணலின்மேல் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடே தெரியவில்லை என்றால்தான் படுக்கப் போகலாம்.