வாட்டர்கலர் கிளேசிங்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஒரு நிறம் காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொரு நிறத்தை ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகப் பூசுவதுதான் கிளேசிங். காய்ந்த மஞ்சளின்மேல் நீலம் பூசிக் கிடைக்கும் பச்சைக்கு, தட்டில் கலக்கும் பச்சைக்கு இல்லாத ஆழம் உண்டு. ஆனால் அந்த மஞ்சள் காய வேண்டுமே, அங்கேதான் பலரும் சொதப்புகிறார்கள்.

பளபளப்பு போனதும் காய்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மேலே மங்கிய பிறகும் தாளுக்குள் ஈரம் இருக்கும். அப்போது பிரஷை வைத்தால், புதுத் தண்ணீர் பாதி காய்ந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டுபோய், காலிஃபிளவர் மாதிரி சுருள் ஓரத்தோடு ஒரு கறையை விட்டுவிடும். மேகம் வரையும்போது அது அதிர்ஷ்டமாகக்கூட அமையலாம். முகம் வரையும்போது அமையாது. புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. விரல் நுனியால் தொட வேண்டாம், அதிலுள்ள எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் நிறம் சரியாகப் பிடிக்காது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாள் பல அடுக்குகளைத் தாங்கும். ஆனால் ஈரத்தையும் நிறைய உறிஞ்சுவதால் காய நேரம் எடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் உட்கார்ந்து வரைபவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

சரி, ஹேர் டிரையர்? பிடிக்கலாம், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கும்போது பிடித்தால் காற்றே நிறத்தைத் தள்ளிவிடும். பளபளப்பு அடங்கியதும் சற்றுத் தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே இருங்கள். சூடான தாளில் ஈரம் கைக்குத் தெரியாது என்பதால், ஆறவிட்டுத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நன்றாகக் காய்ந்த பிறகும் ஆபத்து தீராது. வாட்டர்கலரில் நிறத்தைத் தாளோடு பிடித்து வைத்திருப்பது கம் அராபிக் என்ற பிசின். தண்ணீர் பட்டால் அது மறுபடி கரையும். அதனால் முரட்டு பிரஷும் தேய்ப்பதும் கூடாது. மென்மையான பெரிய பிரஷில் நிறத்தை நிறைய எடுத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, திரும்பிப் போகாமல் இருங்கள். "இந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம்" என்று திரும்பப் போகும்போதுதான் அடியிலுள்ளது கிளம்பி வரும். அல்ட்ராமரைன் நீலம் சுலபமாகக் கிளம்பும். தாலோ நீலம், குயினாக்ரிடோன் ரோஸ் போன்றவை தாளில் ஊறிப் பிடித்துக்கொள்ளும், எனவே அடி அடுக்குக்கு இவை வசதி.

காட்மியம் சிவப்பு, செருலியன் நீலம் மாதிரி ஒளிபுகா நிறங்களை மேலே கெட்டியாகப் பூசினால் அடி அடுக்கு மறைந்துவிடும், காத்திருந்தது வீண். பல கம்பெனிகளின் டியூபில் சின்னச் சதுரம் அச்சிட்டிருக்கும்: வெற்றுச் சதுரம் என்றால் ஒளி ஊடுருவும், நிரம்பிய சதுரம் என்றால் ஊடுருவாது.

காய்ந்தால் நிறம் வெளிறும் என்று பயந்து முதல் அடுக்கையே அடர்த்தியாக அடிப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு அடுக்கும் படத்தை இன்னும் இருட்டாக்கும் என்பதால், முதல் அடுக்கு "இவ்வளவுதானா?" என்று தோன்றும் அளவுக்கு வெளிறியிருந்தாலே போதும். அடுத்த நிறம் எப்படி விழும் என்ற சந்தேகம் இருந்தால், அதே வகைத் தாளில் ஒரு துண்டை வெட்டி அதில் முதலில் பூசிப் பாருங்கள். அதையும் காயவிட்டுத்தான்.