திக்குவாய் உள்ளவர் சபையில் வேதபாடம் வாசிக்க

எனக்கு 'க'வில் தொடங்குகிற சொல் எல்லாம் தொண்டையில் அடைக்கும். கங்கைகொண்டான் போக வேண்டியவன், அந்தப் பெயரை நடத்துனரிடம் சொல்ல வராமல் தாழையூத்துக்கு டிக்கெட் வாங்கி, மீதி தூரத்தை நடந்தே போயிருக்கிறேன். திக்குகிற எல்லோருக்கும் இது தெரிந்த கதை. வராத சொல்லை விட்டு வருகிற சொல்லுக்குத் தாவியே பழகிவிடுகிறோம்.

வேத வசனத்தில் அப்படித் தாவ வழியில்லை. கர்த்தர் என்று இருந்தால் கர்த்தர் என்றுதான் வாசிக்க வேண்டும். என்னைத் திருப்பியது இதுதான். ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன் நின்று வேதபாடம் வாசிக்க ஆசையிருந்தும் பயந்து ஒதுங்குகிறவர்களுக்காக, நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் யாத்திராகமம் 4ஆம் அதிகாரம், 10 முதல் 16 வரை நிதானமாகப் படியுங்கள். "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்கிறார் மோசே. நாவைச் சரியாக்கித் தருகிறேன் என்று தேவன் அங்கே சொல்லவே இல்லை. "நான் உன் வாயோடே இருந்து" என்கிறார். அண்ணன் ஆரோனையும் துணைக்குத் தருகிறார். பார்வோனிடம் பேசப் போகும்போது மோசேக்கு வயது 80. விசுவாசம் இருந்தால் திக்கு போய்விடும், போகாவிட்டால் விசுவாசம் இல்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்தப் பேச்சு என்னைப் பல வருஷம் வாயடைக்க வைத்தது.

அப்புறம் 27ஆம் சங்கீதம். முதல் சொல்லே 'கர்த்தர்'. "கர்த்தர் என் வெளிச்சமும் என் இரட்சிப்புமானவர், யாருக்குப் பயப்படுவேன்?" வீட்டு ஜெபத்தில் இதை அம்மாவும் நானும் சேர்ந்து வாசித்தோம். இன்னொரு குரலோடு சேர்ந்து வாசிக்கும்போது திக்குகிற பலருக்கும் சொல் தடையில்லாமல் வரும். எனக்கும் வந்தது. சில வாரம் கழித்து, அம்மா வசனத்தைத் தொடங்கிவிட்டு மெல்ல நிறுத்திக்கொள்வார்கள், நான் தொடர்வேன். பிறகு ஆளுக்கொரு வசனம். 'க' சொல்லும்போது அடிநாக்கை அழுத்தாதீர்கள். கொஞ்சம் மூச்சை விட்டு, அந்த மூச்சின் மேலேயே எழுத்தை மெதுவாக வையுங்கள். மூச்சு எடுக்கும் இடங்களில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேச்சுப் பயிற்சி நிபுணரிடமும் போங்கள். ஜெபிக்கிறவர் அங்கே போவது அவிசுவாசம் ஆகாது.

முறை வருவதற்கு முன்பே ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், சொல்லிவிடுங்கள்: "ஐயா, எனக்குத் திக்கும். நடுவில் நின்றாலும் யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம், நானே வாசித்து முடிப்பேன்." சொல்லை மற்றவர்கள் முடித்துத் தருவதுதான் நமக்குப் பெரிய வலி. சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேட்டு, ஆளில்லாத ஆலயத்தில் அதே இடத்தில் நின்று ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அடைத்துக்கொண்டால் வசனத்தின் ஆரம்பத்துக்கு ஓடாதீர்கள். அந்தச் சொல்லிலேயே நில்லுங்கள். தோளைத் தளர்த்தி மூச்சை விடுங்கள், "உன் வாயோடே இருந்து" என்று மனதுக்குள் சொல்லுங்கள். நான் முதல்முறை வாசித்தபோது 'கர்த்தர்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முன்வரிசையில் ஓர் ஆச்சி, மடியில் விரித்த வேதாகமத்தில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தார்கள். நான் சொன்ன பிறகுதான் விரலை நகர்த்தினார்கள்.