எலும்புக்கும் வயிற்றுக்கும் ஒரே பானை: கேழ்வரகுக் கூழ், கஞ்சி செய்முறை

எலும்புக்கு எது நல்லது என்று கேட்டால் பட்டியல் நீளமாக வரும். சாப்பிட்டது குடலில் சேர்கிறதா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், ஒரு பகுதி உடம்பில் ஒட்டாமலே வெளியேறிவிடும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் மூன்றும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. மாவை முந்தின ராத்திரியே கரைத்து வைக்கிற பழக்கத்துக்கு இவ்வளவு பலன் இருக்கிறது. அவசரத்துக்கு அதை விட்டுவிடாதீர்கள்.

1. மாவைக் கரைத்து வைத்தல்
ஒரு கப் கேழ்வரகு மாவை இரண்டு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ மூடி ராத்திரி முழுக்க வெளியே வையுங்கள். காலையில் லேசான புளிப்பு வாசனையும் மேலே சின்னச் சின்னக் குமிழிகளும் தெரியவேண்டும். வெயில் காலத்தில் எட்டு மணி நேரமே போதும். மார்கழிக் குளிரில் கூடுதலாக விடவேண்டும்.

2. காய்ச்சுதல்
அரை கப் அரிசி நொய்யைக் கழுவி, நான்கு கப் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். தீயைக் குறைத்து, புளித்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிண்டுங்கள். கை ஓய்ந்தால் அடிபிடிக்கும், கட்டியும் தட்டும். பதினைந்து நிமிடத்துக்குள் நிறம் கருத்து, மேலே பளபளப்பு வரும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொட்டுப் பாருங்கள், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. அரைவேக்காட்டுக் கூழ்தான் பலருக்கு வயிற்றை உப்பவைக்கிறது, அதனால் இந்த இடத்தில் பொறுமை வேண்டும்.

3. கரைத்துக் குடித்தல்
நன்றாக ஆறியதும் உப்பு, மோர், நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்துக் கையால் கரையுங்கள். பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் பலருக்கும் மோர் ஒத்துக்கொள்ளும். புளிக்கும்போது பாலிலுள்ள லாக்டோஸ் என்கிற சர்க்கரை கொஞ்சம் குறைந்துவிடுகிறது. தொட்டுக்கொள்ள ஊறுகாயைவிட முருங்கைக்கீரைப் பொரியலோ எள்ளுத் துவையலோ நெத்திலிக் கருவாடோ நல்லது. நெத்திலியை முள்ளோடு மெல்வதால் அந்தக் கால்சியமும் கிடைக்கும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு கப் மாவில் மூன்று நான்கு பேர் குடித்தால் ஆளுக்கு நூறு மில்லிகிராம் அளவுக்குத்தான் கால்சியம் வரும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 வேண்டும் என்கிறது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. கூழ் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தயிர், கீரை, எள், மீன் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

4. கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் முளைகட்டிய கஞ்சி
கேழ்வரகைக் கல் அரித்து, ராத்திரி ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டி வையுங்கள். அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். பூஞ்சை வாசனை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். முளைத்ததை நன்றாகக் காயவைத்து, வாசம் வரும்வரை லேசாக வறுத்து, மில்லில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாவில் காய்ச்சினால் கஞ்சி அவ்வளவாகக் கெட்டிப்படாது. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதே காரணம். அதனால் மாவைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் கஞ்சி விழுங்க எளிதாக இருக்கும். சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்து போகும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ஒன்றிரண்டு ஸ்பூனில் தொடங்குங்கள். ஒரு வயதுவரை உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் கூடவே கூடாது.

வயதானவர்களுக்கும் இதே கஞ்சிதான் என் சிபாரிசு. பல் போய், பசி மந்தித்து, டீயும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! எலும்பு தேய்கிற வயதில் அது பெரிய இழப்பு. கஞ்சியோடு வேகவைத்த பருப்போ முட்டையோ சேருங்கள். புரதம் இல்லாமல் எலும்பும் தசையும் நிற்காது.

5. இடைப்பட்ட வயது
பத்து வயதிலிருந்து இருபது வரைதான் எலும்பு வேகமாகச் சேமிக்கிறது. முப்பதை ஒட்டி அந்தச் சேமிப்பு உச்சம் தொடும். அதற்குப் பிறகு இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், காலையில் வெறும் வயிற்றோடு கிளம்ப விடாதீர்கள். வெயிலில் விளையாடட்டும், வைட்டமின் டி இல்லாமல் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது.

கவனிக்க வேண்டியவை
நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு என்றால் முதல் வாரம் அரை டம்ளர் போதும். தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலச்சிக்கல் கூடத்தான் செய்யும். சர்க்கரை நோயாளிகள் கூழை இஷ்டத்துக்குக் குடிக்கக்கூடாது. நைசாக அரைத்த மாவு ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் கால்சியம் மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.