டிரம்பெட் சோலோவில் கார்ட் மாறுவது கேட்க வேண்டுமா?

டிரம்பெட்டில் ஜாஸ் சோலோ வாசித்தால் ஸ்கேலை ஏற்றி இறக்குவது போலவே இருந்தது. சுரம் எதுவும் தப்பில்லை. ஆனால் பின்னால் கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) மாறுவது என் வாசிப்பில் கேட்கவே இல்லை. ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதுச் சிக்கல். அங்கே ஆதார சுருதி அசையாது, இங்கே தரையே நகர்ந்துகொண்டிருக்கும்.

சரி என்று ஸ்கேல் பயிற்சியை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு கார்டிலும் அடிச்சுரத்திலிருந்து எண்ணி மூன்றாவது, ஏழாவது சுரங்களை மட்டும் எடுத்தேன். கார்டின் வகை மேஜரா, மைனரா, டாமினன்ட்டா (ஜி 7 போல) என்று காட்டிக்கொடுப்பவை அந்த இரண்டுதான். அடிச்சுரத்தை பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார்.

பியானோவின் டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 வரிசை, எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும் பி ஃபிளாட் டிரம்பெட்டுக்கு இ மைனர் 7, ஏ 7, டி மேஜர் 7 ஆகும். முதல் கார்டின் ஏழாவது சுரமான டி, அரைச் சுரம் இறங்கினால் ஏ 7-இன் மூன்றாவதான சி ஷார்ப். அப்புறம் ஏ 7-இன் ஏழாவதான ஜி இறங்கி டி மேஜர் 7-இன் மூன்றாவதான எஃப் ஷார்ப். இதை நீண்ட சுரங்களாக 12 சுருதிகளிலும் வாசித்தேன், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) இரண்டாம், நான்காம் அடிகளில் மட்டும். உதடு சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் பாதி நேரம் பாடித்தான் பழகினேன்.

இப்போது பக்கவாத்தியம் இல்லாமல் வாசித்தாலும் கார்ட் மாறும் இடம் தெரிகிறது. வேகமான பாட்டுகளில் மட்டும் இன்னும் தடுமாற்றம்தான்.