ஆலையின் மின்சாரத்துக்கு ஹசாப் செய்வது எப்படி?

ரசாயன ஆலைகளில் ஹசாப் (HAZOP: எங்கே என்ன தப்பாகப் போகலாம் என்று குழுவாக உட்கார்ந்து பகுதி பகுதியாகக் கேட்டுப் பார்க்கும் ஆய்வு) பழகிப்போன வேலை. 1960களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் தொடங்கிய முறை அது. இன்று அதற்கென்றே ஐ.இ.சி. 61882 என்ற தரநிலை இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டங்களில் மின்சாரத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘பவர் ஃபெயிலியர்’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்பது சரிதான். போக வேண்டிய நேரத்தில் போகாவிட்டால்? போனது, ஆள் கை வைத்திருக்கும்போது திரும்பி வந்தால்? இந்தக் கேள்விகளுக்காகவே மின் அமைப்புக்குத் தனியாக உட்கார வேண்டும் என்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு நடுத்தர ஆலையை வைத்துக்கொள்வோம். 11 கிலோவோல்ட் ஈ.பி. சப்ளை, 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு, 433 வோல்ட் பேனல், நடுவில் ஒரு பஸ் கப்ளர் (பேனலின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் பிரேக்கர்), ஒரு ஜெனரேட்டர்.

படி 1: படத்தைச் சரிபாருங்கள்

சிங்கிள் லைன் டயகிராமை (மின் இணைப்புகளை ஒற்றைக் கோடுகளில் காட்டும் படம்) எடுத்துக்கொண்டு பேனல் பேனலாக நடந்து பாருங்கள். பிறகு சேர்த்த ஃபீடர் (பேனலிலிருந்து வெளியே போகும் இணைப்பு), மாற்றிய சி.டி. (கரண்டை அளக்க உதவும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்), கழற்றிப்போட்ட இன்டர்லாக் (ஒன்றாக மூடக் கூடாதவற்றை மூடவிடாமல் தடுக்கும் பூட்டு) எதுவும் படத்தில் இருக்காது. படம் தப்பு என்றால் ஆய்வும் தப்பு.

படி 2: ஆட்களைக் கூட்டுங்கள்

மின் பொறியாளர், புரொடக்‌ஷன் ஆள், பாதுகாப்பு அதிகாரி, கேள்விகளை நடத்திச் செல்லும் ஒருவர். இவர்களோடு, இரவு ஷிஃப்டில் பிரேக்கரைப் போட்டு எடுக்கும் எலக்ட்ரீஷியன் கட்டாயம் இருக்க வேண்டும். உண்மையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

படி 3: பகுதிகளாகப் பிரியுங்கள்

எச்.டி. இன்கமர் (11 கிலோவோல்ட் உள்ளே வரும் பிரேக்கர்), டிரான்ஸ்ஃபார்மர், எல்.டி. பஸ் (433 வோல்ட் பேனலின் பொதுக் கம்பி), ஜெனரேட்டர், எர்த்திங் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் டி.சி. சப்ளையை (பிரேக்கர்களை இயக்க பேட்டரியும் சார்ஜரும் கொடுக்கும் மின்சாரம்) தனிப் பகுதியாக வையுங்கள். பலரும் விடுவது இதைத்தான்.

படி 4: வழிகாட்டுச் சொற்களைப் போட்டுப் பாருங்கள்

இல்லை, அதிகம், குறைவு, தலைகீழ், முன்னதாக, தாமதமாக. ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு பகுதியோடும் சேர்த்து, காரணம் என்ன, விளைவு என்ன, இப்போது என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று கேளுங்கள்.

எல்.டி. பஸ்ஸில் ‘அதிகம்’. 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் முழு லோட் கரண்ட் சுமார் 1333 ஆம்பியர். இம்பிடன்ஸ் (கரண்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் தரும் தடை) 5 சதவீதம் என்றால் ஃபால்ட் கரண்ட், அதாவது ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாயும் கரண்ட், சுமார் 27 கிலோ ஆம்பியர். இரண்டு இன்கமரும் கப்ளரும் ஒன்றாக மூடியிருந்தால் 53க்குப் போகும். ஈ.பி. பக்க இம்பிடன்ஸ் அதைக் கொஞ்சம் குறைக்கும், ஓடும் மோட்டார்கள் கொஞ்சம் கூட்டும். பேனலோ 50 கிலோ ஆம்பியருக்குச் செய்தது என்றால் கையிருப்பே இல்லை. ஆகவே மூன்று பிரேக்கரில் இரண்டைத்தான் மூட முடியும்படி இன்டர்லாக் இருக்கிறதா, அதன் சாவிக்கு டூப்ளிகேட் யாரிடமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

டி.சி. சப்ளையில் ‘இல்லை’. இங்கே அவசரப்படாதீர்கள். ஃபால்ட்டை ரிலே (கோளாறை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) கண்டுபிடித்துவிடும். ஆனால் பிரேக்கரைத் திறக்கும் ட்ரிப் காயிலுக்கு டி.சி. வராவிட்டால் எச்.டி. பிரேக்கர் அசையாது. ‘மீட்டர் 110 வோல்ட் காட்டுகிறதே’ என்பார்கள். அந்த 110 சார்ஜர் கொடுப்பதாக இருக்கலாம். பேட்டரி செத்திருந்தாலும் முள் அங்கேயேதான் நிற்கும். சார்ஜருக்கு ஏ.சி. வருவது அதே எல்.டி. பஸ்ஸில் இருந்து. பெரிய ஃபால்ட் வந்ததும் பஸ் வோல்டேஜ் விழும், சார்ஜரும் கூடவே விழும். பிரேக்கர் திறந்தே ஆக வேண்டிய அந்த நொடியில் டி.சி. இருக்காது. அதே டி.சி.யை நம்பும் பிரேக்கர்கள் எல்லாமே ஒன்றாகக் கைவிடும். அப்புறம் ஈ.பி. சப்ஸ்டேஷன் பிரேக்கர் திறக்கும்வரை ஃபால்ட் எரிந்துகொண்டே இருக்கும். இதற்குப் பரிந்துரை: ட்ரிப் சர்க்யூட்டைக் கண்காணிக்கும் ரிலே, ஆள் இருக்கும் அறையில் ஒலிக்கும் டி.சி. அலாரம். திட்டமிட்ட ஷட்டவுனில் சார்ஜரை அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் பிரேக்கரை ட்ரிப் செய்து பார்க்கவும் எழுதிவையுங்கள்.

ஜெனரேட்டரில் ‘தலைகீழ்’. ஈ.பி. சப்ளையும் ஜெனரேட்டரும் ஒன்றாக இணையாமல் தடுக்கும் சேஞ்ச்ஓவர் இன்டர்லாக்கை யாராவது பைபாஸ் செய்திருந்தால், ஜெனரேட்டரின் 433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 11 கிலோவோல்ட்டாக ஏறி வெளியே போகும். அந்த லைனில் எல்.சி. (லைன் கிளியர்: கரண்டை நிறுத்தி வேலை செய்யக் கொடுக்கும் அனுமதி) வாங்கி ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

கெப்பாசிட்டர் பேங்கில் ‘முன்னதாக’ என்பதையும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் மறுபடி போட்டால் என்ன ஆகும்?

படி 5: ஸ்விட்சிங் வரிசையைப் படியுங்கள்

ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வேலைக்காக எடுக்கும் முறையை எலக்ட்ரீஷியனை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடியிலும் ‘இதை விட்டுவிட்டால்?’, ‘பக்கத்து பேனலில் செய்துவிட்டால்?’ என்று கேளுங்கள். இரண்டு பேனலுக்கும் ஒரே மாதிரி பெயர்ப்பலகை இருப்பது இங்கேதான் வெளிவரும்.

படி 6: எழுதுங்கள்

பகுதி, விலகல், காரணம், விளைவு, இருக்கும் பாதுகாப்பு, செய்ய வேண்டியது, பொறுப்பாளர், தேதி. ‘கவனமாக இருக்க வேண்டும்’ என்பதைப் பரிந்துரையாக ஏற்காதீர்கள். கூரையில் சோலார் போட்டால், புதிய ஜெனரேட்டர் வந்தால், ‘தலைகீழ்’ கேள்வியை எல்லாப் பகுதிக்கும் மறுபடி கேட்க வேண்டும்.