முந்திரி டப்பாவும் உள்ளங்கைக் குழியும்

பாரிமுனைப் பக்கம் போனால் முந்திரியும் பாதாமும் வாங்காமல் திரும்ப மாட்டேன். வாங்குவது சரி, சாப்பிடுவதில்தான் சிக்கல். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் கை அதன்பாட்டுக்குப் போய்வரும். விளம்பரம் வருவதற்குள் பாதி காலி.

ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் போதும். தராசு வேண்டாம். உள்ளங்கையை லேசாகக் குழித்துக்கொள்ளுங்கள். விரல்கள் பக்கம் போகாமல் அந்தக் குழியில் நிற்பதுதான் அளவு. எண்ணினால் பாதாம் 23, முந்திரி 18, வால்நட் முழுசாக 7 என்று ஏறக்குறைய வரும். ஒவ்வொன்றிலும் அத்தனை அல்ல, ஏதாவது ஒன்றில்! கலந்து சாப்பிட்டாலும் மொத்தம் ஒரு குழிதான். அதிலேயே 160 முதல் 185 கலோரி இருக்கிறது, கிட்டத்தட்ட மூன்று இட்லி.

நான் செய்வது இது: சாப்பாட்டு மேசையில் கிடந்த எவர்சில்வர் ஊறுகாய்க் கிண்ணத்தில் ஒருமுறை எண்ணிப் போட்டுப் பார்த்தேன், விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. இப்போது அதுதான் என் படி. கிண்ணத்தில் எடுத்ததும் டப்பாவை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். சென்னைப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், அப்புறம் கைக்கும் கொஞ்சம் எட்டாமல் இருக்கும்.

மெரினாவில் வாங்கும் வறுத்த வேர்க்கடலையும் இந்தக் கணக்கில்தான் சேரும். பொட்டலம் பெரிதென்றால் பக்கத்தில் இருப்பவருக்குப் பாதி கொடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புப் போட்டு வறுத்ததை விட்டுவிட்டு வெறுமனே வறுத்ததைக் கேட்டு வாங்குங்கள்.