பழைய குளிசைகளைக் கழிவறையில் கொட்டாதீர்கள்

வீட்டு அலுமாரியை ஒதுக்கும்போது, பிள்ளைகள் கைக்குப் போய்விடக் கூடாதென்று காலாவதியான குளிசைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் அடித்துவிடுகிறோம். எண்ணம் நல்லதுதான், இடம்தான் பிழை. கொழும்பு நகரின் கழிவுநீர்க் குழாய்த்தொகுதி பிரித்தானியர் காலத்தது. வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் நீளும் குழாய்களில் அது முடிகிறது. நெடுங்காலமாக முறையான சுத்திகரிப்பு இல்லாமலே அந்த நீர் கடலில் கலந்து வந்திருக்கிறது.

"கடல் பெரிசு, கரைஞ்சு போயிடும்" என்பார்கள். மருந்து என்பதே துளியளவில் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது. கனடாவில் 2001 முதல் 2003 வரை ஓர் ஏரியில் கருத்தடைக் குளிசையிலுள்ள ஹோர்மோனை லீற்றருக்கு 5, 6 நனோகிராம் (ஒரு நனோகிராம் என்பது கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடலில் பெண்தன்மை தோன்றியது. ஒரு சிறுமீன் இனம் ஏறக்குறைய அற்றுப்போனது. கடலில் கரைசல் கூடத்தான். ஆனால் குழாய் வாயருகே வாழும் உயிர்களுக்கு இது நாள்தோறும் வந்துகொண்டேயிருக்கிறது.

பலரும் கவனிக்காதது மூட்டுவலிக்குப் பூசும் டைக்லோபெனாக் ஜெல். தோலுக்குள் போவது சிறு பங்குதான். மிச்சம் கை கழுவும்போதும் குளிக்கும்போதும் கானுக்குப் போகிறது. பூசியதும் கையைக் கடதாசியால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். உடனே குளிக்கவும் வேண்டாம். மாடுகளுக்குக் கொடுத்த இதே மருந்து, அவற்றின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைத் தெற்காசியாவில் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது.

மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லிப் பாணியைச் சிங்கில் ஊற்றுவது இன்னும் மோசம். கானிலும் கால்வாயிலும் உள்ள கிருமிகள் அதற்குப் பழகி, மருந்துக்கு மசியாதவையாக மாறக்கூடும். குடித்த அமொக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியிலும் பெரும்பங்கு சிறுநீரோடு அப்படியே வெளியேறுகிறது. ஆகவே சாதாரண தடிமனுக்கு அதைக் கேட்டு வாங்காமலிருப்பதும் கடலுக்குச் செய்யும் உதவி. நீரிழிவுக்கான மெட்போர்மினும் அப்படியே வெளியேறுவதுதான். அதற்காக வைத்தியர் தந்த மருந்தை யாரும் நிறுத்தக் கூடாது. அதைத் தடுப்பது சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை. அங்கும் வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் போன்றவை பெரும்பாலும் தப்பிவிடும்.

எஞ்சிய குளிசைகளை உறையிலிருந்து எடுத்து, தேயிலைச் சக்கையோடு கலந்து, பையில் இறுகக் கட்டி உக்காத குப்பையோடு கொடுங்கள். அடுத்த முறை பார்மசியில் முழுக் குளிசை அட்டையையும் வாங்காமல், வைத்தியர் துண்டில் எழுதிய எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள்.